சிம்பன்சிகளுக்கு அடைபட்ட நான்கு கிலோமீற்றர்

ஆசிரியர் அவர்களுக்கு,

காட்டு விலங்குகளின் வழித்தடங்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும்போது பேச்சு யானையோடு நின்றுவிடுகிறது. வன்னியில் யானையால் பயிரையும் உயிரையும் இழந்த குடும்பங்கள் இருக்கையில் அது இயல்பே. ஆயினும் வழி அடைபட்டபின் உள்ளே அகப்பட்ட கூட்டத்துக்கு என்ன நேரும் என்பதை அறிய விரும்புவோர், மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டில் பொஸ்ஸு என்ற கிராமத்தை ஒட்டி வாழும் சிம்பன்சிகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில் நான் மாணவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி அது.

அங்குள்ள மானோன் மக்கள் தம் ஊர்க் குன்றின் காட்டை முன்னோருக்குரிய புனித இடமாகக் கருதி வந்ததால், சுற்றுப்புறம் வெட்டுண்டு விளைநிலமான பின்னும் அது தப்பியது. சிம்பன்சியைக் கொல்வதும் அவர்களிடம் விலக்கு. கோயில் வளவில் நின்ற ஒரே காரணத்தால் கோடரிக்குத் தப்பிய நம்மூர் மருதமும் இலுப்பையும் எனக்கு உடனே நினைவுக்கு வரும். யப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1976 முதல் இக்கூட்டத்தைக் கவனித்து வந்திருக்கிறார்கள். தட்டையான கல்லில் எண்ணெய்ப் பனையின் கொட்டையை வைத்து, இன்னொரு கல்லால் அளவறிந்து தட்டி இவை பருப்பை எடுக்கும். அடிக்கல் ஆடினால் அதன் கீழே சிறு கல்லொன்றை முட்டுக்கொடுத்துச் சமப்படுத்துவதும் பதிவாகியிருக்கிறது. குட்டி தாயின் அருகிலிருந்து ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்தே இதைப் பழகுகிறது. பனங்கொட்டையைப் பிளந்து பூரான் என்னும் இனிய உட்பருப்பை எடுக்கும் ஆச்சிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, முதல் துண்டுக்குக் கை நீட்டிய எவருக்கும் அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

ஊரார் இவ்வளவு பரிவோடு காத்தும் கூட்டம் ஏன் தேய்ந்தது? சிம்பன்சிகளில் ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, பெண்கள் பெரும்பாலும் பருவம் எய்தும்போது வேறு கூட்டத்தைத் தேடிப் போகும். பொஸ்ஸுவிலிருந்து இளம் பெண்கள் வெளியேறின. அவற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து எவையும் வந்து குடியேறவில்லை. ஏனெனில் அக்குன்றுக்கும் சிம்பன்சிகள் வாழும் நிம்பா மலைக்கும் இடையில் மரமற்ற ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் புல்வெளி கிடக்கிறது. 2003இல் சுவாச நோய் பரவி, இருபதளவில் இருந்த கூட்டத்தில் ஐந்து இறந்தன. ஒரு தாய் குட்டி ஈன்றபின் அடுத்த குட்டிக்கு ஐந்து ஆண்டளவு செல்லும் இனத்தில் அந்த இழப்பை ஈடுசெய்வது எளிதன்று. பின்னர் அங்கு எஞ்சியவை பத்துக்கும் குறைவு.

அந்தப் புல்வெளியில் மரம் நாட்டி இரு காடுகளையும் இணைக்கும் பணி 1997இல் தொடங்கியது. சிம்பன்சியின் எச்சத்திலிருந்து பொறுக்கிய விதைகளைக்கூட நாற்றுமேடையில் முளைக்கவைத்து நட்டார்கள். கோடையில் புல்லில் பற்றும் தீ, வளர்ந்த கன்றுகளை மீண்டும் மீண்டும் கருக்கியது. அவர்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது பிந்தித் தொடங்கிய உழைப்பு. நிற்கும் காட்டைக் காப்பதற்கு ஓர் அறிவித்தலும் ஊரின் சம்மதமும் போதுமாயிருந்திருக்கும். அழிந்த நான்கு கிலோமீற்றரை மீட்பதோ ஒரு தலைமுறையின் வேலையாகிவிட்டது. மேற்கு ஆபிரிக்கச் சிம்பன்சிகள் 1990க்கும் 2014க்கும் இடையில் 80 சதவீதம் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கும் நிலையில், அத்தனை காலம் காத்திருக்க அவற்றால் இயலாது.

ஊரின் சம்மதம் என்று நான் எழுதியது வெறும் சொல்லுக்காக அல்ல. தான்சானியாவின் கொம்பே காட்டில் ஜேன் குடால் 1960இல் ஆய்வைத் தொடங்கினார். 1968இல் அது தேசிய பூங்காவாயிற்று. எல்லைக்கு உள்ளே மரங்கள் நின்றன; 1990களின் தொடக்கத்தில் வெளியே குன்றுகள் மொட்டையாகிவிட்டிருந்தன. அங்கிருந்த மக்கள் வறுமையால் வெட்டினார்கள் என்பதை உணர்ந்து, 1994 முதல் குடிநீர், சுகாதாரம், மரக்கன்று என்று அவர்களின் தேவையிலிருந்து வேலை தொடங்கப்பட்டது. பின்னர் கிராமத்தவர்களே தம் காணி வரைபடத்தில் ஊர்க்காடுகளைக் குறித்து ஒதுக்கினார்கள். பூங்காவுக்கு வெளியே சிம்பன்சிகள் நடமாட இடம் கிடைத்தது இவ்வாறே.

நம்மிடம் சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தனித்தனித் தீவுகளாக விடாமல் இடைப்பட்ட காடுகளை இப்போதே காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதேவேளை, இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் தம் வயற்காணியில் எல்லைக்கல் நாட்டப்பட்டிருக்கக் கண்டு பட்ட மனவேதனையையும் நான் அறிவேன். என் உறவினர் ஒருவரும் அவ்வாறு அலைந்தவர். ஆதலால் வழித்தடம் எதனையும் வர்த்தமானியில் அறிவிப்பதற்கு முன், அதன் வரைபடம் தமிழில் அச்சிடப்பட்டுக் கமக்கார அமைப்புகளிடமும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் கையளிக்கப்பட வேண்டும். மறுப்புத் தெரிவிக்கப் போதிய அவகாசமும் தரப்பட வேண்டும். அத்தகைய வரைபடங்களைப் பெற்றுத் தங்கள் பத்திரிகையில் முழுப் பக்கமாக வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.