பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்தும் ராத்திரி ஏன் எழுந்திருக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பிராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி இருக்கும் சுரப்பி) வீக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் என்ன, மாத்திரை எதுவரை உதவும், எப்போது ஆபரேஷன் என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆனால் கடைசியில் ‘அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்த் தொந்தரவுகள் நீங்கிவிடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதே வரியை என்னிடமும் சொன்னார்கள், அதை நம்பித்தான் ஆபரேஷனுக்குப் போனேன், வீட்டுக்கு வந்தபிறகு தொந்தரவு நீங்காததைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டது என்று இரண்டு மாதம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். என் வயதுக்காரர்கள் பலர் இப்படி வெளியே சொல்லாமல் பயந்துகொண்டிருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 69 வயது, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, கரண்டால் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். சிறுநீர் வெளியேற வைத்திருந்த டியூபை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அன்று முதல்முறை போனபோது வந்த வேகத்தைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அவ்வளவு வருஷம் சொட்டுச் சொட்டாக முக்கி முக்கி நின்றவன். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்தால் எரிச்சல், அரை மணிக்கு ஒருமுறை முட்டல், வந்தால் அடக்கவே முடியாத அவசரம். பாத்ரூம் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் வேட்டி நனைந்துவிடும். ராத்திரி நான்கு தடவை எழுந்தேன், ஆபரேஷனுக்கு முன்னாலும் அதே நான்குதான். ஒருநாள் படுக்கப் போனபோது என் பக்கத்துப் பாயின்மேல் மனைவி ரப்பர் ஷீட் விரித்து வைத்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மலச்சிக்கலில் கொஞ்சம் முக்கிவிட்டேன், சிறுநீர் செக்கச் சிவப்பாக வந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். ‘உள்ளே இருக்கும் பொருக்கு பத்துப் பதினாலு நாளில் உதிரும், அப்போது ரத்தம் வரும், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கட்டி கட்டியாக வந்தாலோ அடைத்துக்கொண்டாலோதான் உடனே வரவேண்டும்’ என்றார்கள். மாலைக்குள் தெளிந்துவிட்டது. இதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே சொல்லியிருந்தால் என்ன? கையில் கொடுத்தனுப்பிய மூன்று பக்கமும் முழுக்க ஆங்கிலம், அதிலும் மருந்துப் பெயர்களும் ரத்தப் பரிசோதனை எண்களும்தான் இருந்தன.

அப்புறம் வேறொரு சிறுநீரக அறுவை மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது என் ஃபைலைப் புரட்டி, ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் கேட்டு நிரப்பியிருந்த ஒரு கேள்வித்தாளை எடுத்ததுதான். உலகம் முழுக்க இந்த நோய்க்குப் பயன்படுத்துகிற தாள் அது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. அதே தாளை மறுபடி நிரப்பச் சொன்னார். முன்பு 26, இப்போது 11. ஆனால் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏழில் நான்கு கேள்விகள் நீர் வெளியேறுவது பற்றியவை: வேகம் குறைவு, முக்குதல், விட்டு விட்டு வருதல், முழுதாகப் போகாத உணர்வு. அந்த நான்கும் சேர்ந்து 16இலிருந்து 2க்கு இறங்கியிருந்தன. மீதி மூன்றும் நீரைத் தேக்கி வைப்பது பற்றியவை, அதாவது அடிக்கடி போதல், அவசரம், ராத்திரி எழுதல். அவை 10இலிருந்து 9க்குத்தான் வந்திருந்தன.

பாதையில் இருந்த அடைப்பைத்தான் ஆபரேஷன் எடுக்கிறது. அந்த அடைப்பை எதிர்த்து வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தித் தடித்துப்போன சிறுநீர்ப்பை அப்படியேதான் உள்ளே இருக்கிறது, கொஞ்சம் நிரம்பினாலே துடித்துச் சுருங்குகிற பழக்கத்தை அது மறுநாளே விட்டுவிடாது. சுரண்டிய இடத்தில் புதுத்தோல் மூடவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை எரிச்சலும் அவசரமும் எல்லாருக்கும் ஏறக்குறைய உண்டு. மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்குப் பை தானாக அடங்குகிறது. வயது அதிகமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் இவர்களுக்கு அடங்காமலும் போகலாம், அப்போது பையின் துடிப்பை அடக்கும் மாத்திரை இருக்கிறது. நடுவில் கிருமித் தொற்று இருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும் என்பதால் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்கிற பரிசோதனை, பார்த்தே ஆகவேண்டும்.

நான் ராத்திரி எழுந்திருப்பதற்குக் காரணம் பிராஸ்டேட்டுமில்லை, பையுமில்லை என்று தெரிந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மூன்று நாள் ஒரு அளவுக் கோப்பையில் பிடித்து, மணியும் மில்லியும் நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினேன். ஒரு நாளுக்கு மொத்தம் 1,900 மில்லி, அதில் படுத்ததிலிருந்து விடிந்து எழுந்த முதல்முறை வரை 950. பாதி! நம் வயதில் ராத்திரிப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் சிறுநீர் ராத்திரியில்தான் அதிகம் சுரக்கிறது என்று அர்த்தமாம். பகலெல்லாம் காலில் தேங்குகிற நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்குகிறது. என் பி.பி. மாத்திரை அம்லோடிபின், அது சிலருக்குக் கால் வீக்கம் தரும், என் கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிந்திருந்ததை நான் பொருட்படுத்தியதே இல்லை. போதாததற்கு நீர் பிரியும் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் பி.பி. மாத்திரையை மாற்றினார், நீர் மாத்திரையை மதியம் மூன்று மணிக்குக் கொண்டுபோனார், மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார், ஆறு மணிக் காபியை நிறுத்தச் சொன்னார். இப்போது ஒருமுறை, சில நாள் இரண்டு முறை எழுகிறேன். (நீங்களாக எந்த மாத்திரையையும் மாற்றிவிடாதீர்கள், நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.)

இன்னொன்று, அவசரத்துக்குப் பயந்து நான் தண்ணீர் குடிப்பதையே பாதியாகக் குறைத்திருந்தேன். அது தப்பு. சிறுநீர் அடர்ந்து போனால் எரிச்சலும் முட்டலும் கூடத்தான் செய்யும். பகலில் நன்றாகக் குடித்து மாலைக்கு மேல் குறைத்துக்கொள்வதுதான் சரி. ஜலதோஷ மாத்திரை வாங்கும்போதும் கடைக்காரரிடம் பிராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லுங்கள், சில மாத்திரைகள் நீரை அடைக்கும்.

என் மைத்துனர் கதை வேறு. இருபது வருஷமாகச் சுகர். ‘வயசானா அப்படித்தான் மாப்ளே’ என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அடைத்துக்கொண்டு போனபோது டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் டியூபை எடுத்தால் நீர் போகவில்லை, மறுபடி டியூப். வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரியைத் திட்டினார்கள், நானும்தான். சுகர் நரம்பைக் கெடுத்து, பையும் வருஷக்கணக்கில் உப்பி உப்பித் தளர்ந்து, சுருங்கித் தள்ளுகிற சக்தியே அதற்கு இல்லாமல் போயிருந்தது. நைந்த எலாஸ்டிக் மாதிரி. இப்படிப்பட்டவர்களுக்குப் பையின் அழுத்தத்தை அளக்கிற பரிசோதனை உண்டு, அதை முன்னாலேயே செய்து, ‘வழியைத் திறந்துவிடுகிறோம், ஆனால் பை தள்ளுமா என்பது சந்தேகம்தான்’ என்று சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு உடைந்துபோயிருக்க மாட்டார்.

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான், லேசரா கரண்டா? நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது, என் சிறுநீர்ப்பை எந்த நிலையில் இருக்கிறது, போன பிறகு எவ்வளவு மிச்சம் தங்குகிறது, என் தொந்தரவுகளில் எது போகும் எது போகாது என்பது. விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள் டாக்டர்களே, பலருக்கு அப்படி ஆகும், கெடுதலில்லை, ஆனால் தெரியாமல் நடந்தால் ஆள் ஆடிப்போய்விடுவார். அதேபோல் சில மாதம் நன்றாக இருந்து மறுபடி வேகம் குறைந்தால் பாதையில் தழும்பு இறுகியிருக்கலாம், உடனே போய்க் காட்ட வேண்டும். பிராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிடுவதில்லை, அதன் வெளி ஓடு உள்ளேயே இருக்கிறது என்பதால் புற்றுநோய்ப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிகளிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள், தமிழில். எத்தனை வாரம் எரியும், எந்த நாளில் ரத்தம் வரலாம், எப்போது ஓடி வர வேண்டும் என்று பெரிய எழுத்தில். அந்த ஏழு கேள்வியை ஆறு வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் மறுபடி கேளுங்கள். உங்கள் மருத்துவப் பக்கத்திலும் அந்தக் கேள்விகளை மதிப்பெண்ணோடு ஒருநாள் வெளியிடுங்கள் ஐயா, வெட்டி வைத்துக்கொள்ள நிறையப் பேர் இருக்கிறோம்.

மைத்துனருக்கு இப்போது மெல்லிய டியூபைத் தானே விட்டு நீரை எடுத்துக்கொள்ள நர்ஸ் ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு வேளை. கூடவே அவராகப் போகிற அளவையும் எழுதிவருகிறார், போன வாரம் முதல்முறையாக 80 மில்லி என்று எழுதியிருந்தார். வருகிற புதன்கிழமை மறுபரிசோதனை. இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்