தர்மம் பண்ணினால் மோட்சம் இல்லையா?

ஆசிரியருக்கு,

சுவிசேஷக் கிறிஸ்தவர் என்றாலே பெந்தெகொஸ்தே சபையார்தான் என்கிறது உங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை. தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும் இந்த நம்பிக்கை உள்ளவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

வேதாகமமே இறுதி அதிகாரம், சிலுவை மரணமே பாவப் பரிகாரம், ஆளாளுக்கு மனந்திரும்புதல் வேண்டும், அதைப் பிறருக்கும் சொல்ல வேண்டும். சுவிசேஷக் கிறிஸ்தவருக்கு வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989இல் வகுத்த நான்கு அடையாளங்கள் இவை.

எதிர்வீட்டு ஆச்சி வளவு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: "அன்னதானம் பண்ணினாலும் மோட்சம் கிடையாதாமே தம்பி?" ஊருணியும் சத்திரமும் கட்டிவைத்த நகரத்தார் வீட்டில் நியாயமான கேள்வி. வேதாகமத்தில் எபேசியர் 2:8, 9 சொல்வது: இரட்சிப்பு (ஆச்சி சொல்லும் மோட்சம்) கடவுளின் கிருபையால், விசுவாசத்தின் மூலம், நாம் செய்யும் கிரியைகளால் அல்ல. ஆனால் நற்கிரியை செய்யவே படைக்கப்பட்டோம் என்கிறது அடுத்த வசனம். தர்மம் கூலிக்கான வேலை இல்லை, நன்றிக்கடன் என்றேன்.

"எப்படியும் பண்ணத்தானே வேணும்" என்று உமியை ஊதிவிட்டார் ஆச்சி.

ஒரு வாசகர்,
தேவகோட்டை