மூன்றாம் வாரத்து மறதியையும் கணக்கில் எடுங்கள்

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினருக்கு,

ஐஸ் (மெதம்பெட்டமின்) போதைப்பொருள் பாவித்துவிட்டுச் சிகிச்சைக்கு வரும் பொடியன்களைப் பற்றி வடக்கில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "எத்தனை தரம் சொன்னாலும் மண்டைக்குள் ஏறாது, திருந்துகிற எண்ணமே இல்லை." முதல் பாதி பல நேரம் உண்மை. இரண்டாம் பாதிதான் பிழை.

நெடுநாள் பாவித்தவர் விட்ட முதல் வாரங்களில் பகலெல்லாம் தூங்குவார். எழும்பினால் எரிச்சல், மறதி, எதிலும் நாட்டமில்லை. கிளினிக் துண்டு சட்டைப்பையில் கிடக்க, திகதி தாண்டி வந்து நிற்பார்; வரிசை நீண்டால் திரும்பிப் போய்விடுவார். இந்த ஆளை நீண்ட அறிவுரை வகுப்பில் இருத்தி என்ன பயன்?

அமெரிக்காவில் நோரா வொல்கோவின் குழு, 12 முதல் 17 மாதங்கள் விலகியிருந்த ஐந்து பேரின் மூளையை மறுபடி படமெடுத்து 2001இல் வெளியிட்டது. ஊக்கத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை இரசாயனத்தைக் கையாளும் கடத்திப் புரதம் 16 முதல் 19 வீதம் கூடியிருந்தது. ஞாபக, அசைவுச் சோதனைகள் அந்தளவுக்குத் தேறவில்லை. ஐந்தே பேர்தான், பெரிதாகத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு வருடம் தாண்டியும் மூளை தேறும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரிகிறது. பாவனையாளர் பலரின் சோதனைப் புள்ளிகள் சாதாரண எல்லைக்குள்தான் இருக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஹார்ட்டும் சகாக்களும் 2012இல் எழுதினார்கள். ஆகவே "மூளை போயிட்டுது" என்று கைகழுவவும் இடமில்லை.

ஹெரோயினுக்கு மெதடோன் என்ற மாற்று மருந்து இருப்பதுபோல ஐஸுக்கு நிலைத்த மருந்து இல்லை. நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியன் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த 2021 ஆய்வில் பலன் கண்டவர்கள் 13.6 வீதம், வெற்று மருந்தில் 2.5. இதுவரை நன்றாக நின்றது ஊக்கப்பரிசு முறைதான்: சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் கையோடு ஒரு சிறு பரிசு. கலிபோர்னியா 2023இல் அரச மருத்துவக் காப்புறுதியில் 24 வாரத் திட்டமாகவே இதைத் தொடங்கியது. "போதைக்காரனுக்குப் பரிசா?" என்று இங்கே ஊரே சிரிக்கும், சரி. சிரிக்கட்டும். தூரத்து நன்மைக்காகக் காத்திருக்க முடியாத ஆளுக்கு இன்றைக்கே கிடைப்பதுதான் பிடிக்கும்.

அடைத்து வைப்பதால் இவர்கள் மீள மாட்டார்கள். 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நீங்களும் பார்த்தீர்கள்.

எங்கள் கோரிக்கை இதுதான். முதல் இரண்டு மாதம் குறுகிய சந்திப்புகள், ஒரு தடவைக்கு ஒரு விஷயம், முதல்நாளே வீட்டுக்கும் தொலைபேசி அழைப்பு. தவணை தவறியவரின் பெயரை வெட்டாமல் தேடிப் பிடியுங்கள். அப்புறம், வடக்கில் ஓர் ஆதார வைத்தியசாலையிலாவது ஊக்கப்பரிசைப் பரீட்சித்து, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் நின்றார்கள் என்பதைத் தமிழிலும் வெளியிடுங்கள்.