நீலப் பல்லியின் பிறப்பிடத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அயல்நாட்டு வளர்ப்பு உயிரினங்கள் குறித்த கட்டுரை, ஆப்பிரிக்க நீலப் பல்லியை வீட்டுப் பல்லியைப் போல இரவில் இரை தேடுவது என்று குறிப்பிட்டிருந்தது. லைகோடாக்டிலஸ் வில்லியம்சி என்னும் இவ்வினம் பகலில் வெயில் காய்ந்து வாழ்வது. கூண்டில் புற ஊதாக் கதிர் விளக்கும், சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு மூலையும் இல்லாமல், இரையின்மேல் சுண்ணாம்புச்சத்துப் பொடியும் தூவாமல் வளர்த்தால் அதன் எலும்புகள் வலுவிழந்துவிடும். தண்ணீரையும் கிண்ணத்தில் தேடாது. இலையில் தெளித்த துளிகளையே நக்கிக் குடிக்கும்.

இதைவிடப் பெரிய குறை, அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டதுதான். கிழக்குத் தான்சானியாவில், உலுகுரு மலையடிவாரத்தில், சுண்ணாம்புப் பாறை நிலத்தில் அமைந்த கிம்போசா காப்புக்காட்டிலும் அருகிலுள்ள சில காட்டுத் துண்டுகளிலும் மட்டுமே அது வாழ்கிறது. கிம்போசாவின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள்ளும், நம் கடற்கரைத் தாழைக்கு உறவான ஒரு தாழை மரத்தின் இலைக்கொத்துகளே அதன் வீடு. பொதுவாக ஒரு மரத்தில் ஓர் ஆணும், உடன் சில பெண்களும் குஞ்சுகளும் இருக்கும். ஆண் பளிச்சிடும் நீலம், தொண்டை கறுப்பு. பெண் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். விரல்களில் மட்டுமன்றி வால்நுனியின் அடியிலும் ஒட்டும் பட்டைகள் இருப்பதால், வழுக்கும் இலையில் வாலை ஐந்தாவது காலாக ஊன்றிக்கொள்கிறது.

உயரத்தில் இருக்கும் பல்லியைப் பிடிக்க, பிடிப்பவர்கள் அந்தத் தாழையையே வெட்டிச் சாய்த்தார்கள். தப்பிய பல்லிக்கும் இருப்பிடம் போயிற்று. 2004 டிசம்பர் முதல் 2009 ஜூலை வரை ஒரே ஒரு குழு மட்டும் 32,000-க்கும் மேற்பட்ட பல்லிகளைப் பிடித்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். 2017 ஜனவரியில், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இவ்வினம் சேர்க்கப்பட்டதால், காட்டில் பிடித்தவற்றை வணிகத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டுள்ளது.

கூண்டில் பிறந்த குஞ்சுகள் ஐரோப்பாவில் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அது கூண்டில் பிறந்ததா காட்டில் பிடித்ததா என்பது பார்வைக்குத் தெரியாது. ஆவணத்தால் மட்டுமே தெரியும். 2022-இல் திருத்தப்பட்ட நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த விவரங்களைத் தாங்கள் அடுத்த இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாம்பரம்.