சன்ஷேடு தலையில் விழும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்ணடியில் எங்கள் தெருவில் போன வாரம் மூன்றாவது மாடி சன்ஷேடிலிருந்து உள்ளங்கை அகலக் காரை பெயர்ந்து டீக்கடை வாசலில் விழுந்தது. ஐந்து நிமிடம் முன்புதான் பள்ளிப் பிள்ளைகள் அங்கே நின்றிருந்தார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அண்ணாந்து பார்த்தால் கம்பி வெளியே தெரிகிறது. விரிசலில் முழ உயரத்துக்கு அரசங்கன்று. கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்க, கான்கிரீட் வெடித்துவிடுகிறது. அதன்மேல் பட்டி வைத்து பெயிண்ட் அடித்து என்ன பயன்?

சிங்கப்பூரில் 2022 முதல், 13 மீட்டருக்கு மேல் உயரமான, 20 ஆண்டு கடந்த பெரும்பாலான கட்டடங்களின் வெளிச்சுவரை 7 ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது கட்டாயம். இங்கேயும் அப்படியொரு விதி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சிப் பொறியாளர்கள் பழைய தெருக்களையாவது ஒரு சுற்று வந்து பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், மண்ணடி, சென்னை