‘களங்கம்’ என்ற சொல்லை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவினருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம்.

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. காரில் ஏற்றிச் சென்றவனின் பாலியல் அத்துமீறலுக்கு ஆளாகி வீடு திரும்பும் ஒரு கல்லூரி மாணவியை அவள் தாய் ஏற்றுக்கொள்ளும் கதை அது. அன்று அது கிளப்பிய சர்ச்சை தணிந்து வெகுகாலமாகிவிட்டது; ஆனால் அந்தச் சர்ச்சையின் கேள்வி மட்டும் நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் வெளியேறவில்லை. ‘களங்கமுற்ற மகளைத் தாய் ஏற்றுக்கொண்டது சரியா?’ என்பதுதான் அக்கேள்வி. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நானும் அதையே கேட்டேன், பத்து மதிப்பெண் வினாவாகவும் வைத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு மாணவி மட்டும் இருக்கையிலேயே அமர்ந்திருந்து, “அவள் எதை இழந்தாள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே, அம்மா” என்று கேட்டாள். அன்று அவளுக்கு ஒழுங்கான விடை சொல்ல என்னால் முடியவில்லை. இம்மடல் அவளுக்குத் தந்திருக்க வேண்டிய விடை.

ஒரு பெண் எதையோ ‘இழந்தாள்’ என்று எழுதும்போது நாம் மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லுக்குள் திணித்துவிடுகிறோம். கள்ளமின்மை என்பது மனத்தின் இயல்பு. பேதைமை என்பது உலகம் அறியாமை. கற்பு என்பதோ சமூகம் பெண்ணின் உடலில் எழுதிவைத்த கணக்கு. அக்கதையில் அந்த மாலையில் அவளுடைய பேதைமை பறிபோகிறது; அதில் ஐயமில்லை. கள்ளமின்மை போகவில்லை என்பதற்குக் கதையே சான்று வைத்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும்தான் நாம் வகுப்பில் நேரம் செலவிடுகிறோம்.

கதைக்குள் சென்று பாருங்கள். பெண்கள் கல்லூரி வாசலில் பேருந்துக்காக மாணவிகள் நிற்கிறார்கள். மழை. தோழியர் ஒவ்வொருவராகப் போய்விட, வறுமை தெரியும் உடையில் ஒருத்தி மட்டும் எஞ்சுகிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. ஆசிரியர் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. கதை முழுவதும் அவள் ‘அவள்’தான். காருக்குள் அவள் கண்கள் காண்பதெல்லாம் ஒரு சிறுமி காணும் வியப்புகள். காரை ஓட்டி வந்தவன் தந்த சூயிங்கத்தை வாங்கி மெல்லுகிறாள். எல்லாம் நடந்து முடிந்து, வீடு வந்து, அடிபட்டு, அழுது, தாய் அவளைத் தலைமுழுக வைத்த பிறகும் அந்தச் சூயிங்கம் வாயிலேயே இருக்கிறது. என்ன சவைக்கிறாய் என்று தாய் கேட்டுத் துப்பச் சொல்கிறாள். இச்சிறுகதையின் மிக நுட்பமான இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களின் உலகம் அவள்மேல் கவிழ்ந்துவிட்டது. அவள் வாய் இன்னும் குழந்தையின் வாயாகவே இருக்கிறது. இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டு அவள் ‘களங்கமுற்றாளா’ என்று விவாதிக்கிற வகுப்பு கதையைப் படித்த வகுப்பாகாது.

அவள் ஏன் காரில் ஏறினாள் என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். அதற்கு விடை காண நம் இலக்கணமே துணை நிற்கிறது. அச்சமும் நாணமும் மடமும் பெண்பாலுக்கு உரியன என்றார் தொல்காப்பியர். மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் தந்த விளக்கம், ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. அதாவது பிறர் அறிவித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாதிருத்தல். பெண்ணின் வயதுப் பருவங்களை வகுத்த பாட்டியல் என்னும் இலக்கண மரபில் முதற்பருவத்தின் பெயரே ‘பேதை’. சொன்னதைக் கேட்பதும் மறுத்துப் பேசாதிருப்பதும் அழகு என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்குக் கற்பித்துவிட்டு, கொட்டும் மழையில் கனிவான குரலில் ஒருவன் வற்புறுத்தி அழைத்தபோது அவள் மறுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அவளை அந்தக் காரில் ஏற்றியது ஆசை மட்டுமன்று. நாம் நற்பண்பு என்று பெயரிட்டு வளர்த்த மடமும்தான். இதை நாம் ஒருமுறையாவது வகுப்பில் சொல்லியிருக்கிறோமா?

தாயைப் பற்றியும் ஒரு சொல். மகளின் தலையில் நீரைக் கொட்டி அதை நெருப்பென்று எண்ணிக்கொள்ளச் சொல்கிற அந்த விதவைத் தாய், தமிழ்ச் சிறுகதையின் பெருமைக்குரிய பாத்திரங்களுள் ஒருத்தி. சீதையின் தீக்குளிப்பு உலகத்தாருக்குக் காட்டிய நிரூபணம். இவளோ யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று மகளை வீட்டின் ஒரு மூலையிலேயே மீட்டெடுக்கிறாள். எனினும் அக்கம்பக்கத்தார் கேட்டபோது மழையில் நனைந்து வந்ததற்காகக் கடிந்துகொண்டதாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் அசிங்கத்தை மிதித்தவர் காலைக் கழுவிக்கொள்வதை அவள் உவமையாகக் காட்டும்போது, அந்த உவமையின் கருணையை நாம் மதிக்கிறோம். ஆனால் கழுவ வேண்டிய ஒன்று பெண்ணின் மேல் ஒட்டியிருந்தது என்று அதுவும் ஒப்புக்கொள்கிறது. அழுக்கு அவனுடையது அல்லவா? கதையின் பெருமையைச் சொல்லும் அதே வகுப்பில் இதையும் சொல்வது ஜெயகாந்தனுக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது.

ஏனெனில் அவரே இக்கதைக்குத் திரும்பி வந்தார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே பெண் கங்கா என்ற பெயரோடு வருகிறாள். அங்கே தாய் நீர் ஊற்றவில்லை, அலறி ஊரைக் கூட்டுகிறாள். அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். ஆதரவு தருவதாக அழைத்துச் சென்ற மாமாவின் பார்வையிலும் நஞ்சு இருக்கிறது. 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அந்நாவலைச் சிறுகதையோடு சேர்த்துப் படிக்கும்போது, கள்ளமின்மை காருக்குள் ஒரு மாலைப்பொழுதில் தொலைந்துபோவதில்லை என்பது விளங்கும். அதன் பிறகு சுற்றியிருந்தவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தார்கள். கங்கா படித்தாள், வேலைக்குப் போனாள்; ஆனால் மனிதரை நம்பும் இயல்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என் மாணவி கேட்ட ‘எதை’ என்பதற்கு என்னால் இன்று சொல்ல முடிகிற விடை அதுதான்: நம்பிக்கை. அதை அவள் இழக்கவில்லை. அது அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. ‘இழந்தாள்’ என்ற வினைச்சொல் அவளை எழுவாயாக்கி, செய்தவனை வாக்கியத்திலிருந்தே அகற்றிவிடுகிறது என்பதை இலக்கணம் கற்பிக்கிற நாம் முதலில் உணர்ந்திருக்க வேண்டும்.

நம் வகுப்புகளில் அமர்ந்திருப்பவர்கள் அந்தப் பெண்ணின் வயதை ஒத்தவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. அவருடைய இசைவு என்ற வாதத்தைச் சட்டம் ஏற்பதில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் யாருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவ்வாறிருக்க, ‘களங்கம்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விவாதம் நடத்துவது, வாய் திறக்க முடியாமல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவள் முன்னிலையிலேயே தீர்ப்பு வழங்குவதற்கு ஒப்பாகலாம். கதையைப் பாடத்திலிருந்து நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி நீக்குவது அந்தத் தாயின் மௌனத்தையே நாமும் தொடர்வதாகும். கதை இருக்கட்டும், வினா மாறட்டும். ‘நீ அந்தப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று எந்த மாணவியையும் எழுதச் சொல்லாதீர்கள். பாடம் நடத்தும் நாளில், தனியே வந்து பேச விரும்புகிறவர்களுக்காகத் துறையில் ஓர் ஆசிரியராவது இருக்கட்டும்.

அடுத்த வினாத்தாளுக்கு என்னிடம் ஒரு வினா இருக்கிறது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘தலைமுழுகிய பின்னரும் அவள் வாயில் சூயிங்கம் இருப்பதாக ஆசிரியர் எழுதியது ஏன்?’ இதற்குக் குறிப்பேடுகளில் விடை கிடைக்காது. மாணவர்கள் கதையைத் திரும்பப் படித்துத்தான் எழுத வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி