டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டுக்கு மாணவர்களை அனுப்புங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

போன வருடம் என் அம்மாவுக்குத் திடீரென்று பேச்சு குழறி, இடது கை மரத்துப்போனது. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எது என்பது வேண்டாம். வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆறாம் நாள் அம்மா தானே நடந்து வார்டை விட்டு வெளியே வந்தார். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

கிளம்பும்போது பயிற்சி மருத்துவர் ஒருவர், சின்னப் பையன், மாத்திரைக் கவரை நீட்டி, “காலையில இது, ராத்திரி இது, எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம். புரிஞ்சுதாம்மா?” என்றார். அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் பை உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வாசலுக்கே வரும் பி.பி. மாத்திரை அதில் இருக்கும். அம்மா அதையும் போட்டார், ஆஸ்பத்திரி மாத்திரையையும் போட்டார். ஒன்பதாம் நாள் இரண்டு காலும் வீங்கி, எழுந்தால் தலைசுற்றல். மாத்திரை கொடுக்க வந்த அக்காதான் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தார். கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு, இரண்டிலும் இருந்தது அம்லோடிபின் என்ற ஒரே பி.பி. மருந்து.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வார்டில் கேட்டபோது அம்மா சொன்னது, “சின்னதா வெள்ளை மாத்திரை ஒண்ணு” என்றுதான். மஞ்சள் பையை அவர் எங்கே பார்த்தார்? எங்கள் வீட்டில் களி கிண்டுவது இரண்டு வேளைதான், முதல் வேளையே பத்து மணிக்கு மேல்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வார்டுக்கு வரத் தொடங்கியதும், தான் பார்த்து அனுப்பிய நோயாளி ஒருவரின் வீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் போய், பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லி, “எதை எப்போ போடுறீங்க, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வரட்டும். சித்தேரி மலை, அஞ்செட்டி என்றால் அலைச்சல்தான். அங்கெல்லாம் போனிலாவது கேட்கலாம். வழிகாட்டவும் ஆள் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தப் பணியாளர்களோடு ஒரு நாள் நடந்தாலே, எந்த வீட்டில் யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், இதற்கு மார்க் வையுங்கள். மார்க் இல்லாததை யார் படிக்கிறார்கள்? வாய்மொழித் தேர்வில், “இவர் நாளைக்கு வீட்டுக்குப் போனால் எங்கே தடுமாறுவார்?” என்று ஒரு கேள்வி போதும்.

எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினாலும் சரி. மதியம் இரண்டு மணிக்கு மேல் அனுப்புங்கள். அதுவரை அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு போயிருப்பார்.